பணியாரக் கணக்கும் எம்.ஏ. பொருளியலும்

பி.ஏ. பொருளியலில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் எம்.ஏ. முதல் செமஸ்டரில் திணறுவதற்குப் புத்திக்குறைவு காரணமில்லை. பி.ஏ.யில் ‘சமநோக்கு வளைகோடுகளின் பண்புகளை விவரி’ என்று கேட்பார்கள் (ஒரே அளவு திருப்தி தரும் பொருள் கலவைகளைக் காட்டும் கோடுகள் அவை). நாலு பண்பு, ரெண்டு படம், வேலை முடிந்தது. எம்.ஏ.யில் பயன்பாட்டுச் சார்பை, அதாவது வாங்குபவரின் திருப்தியைச் சொல்லும் சூத்திரத்தை, கையில் கொடுத்து, தேவைச் சார்பை, அதாவது எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார் என்பதை, தருவி என்பார்கள். படம் அங்கே வெறும் துணைதான்.

காரைக்குடிக் கடை ஒன்றில் வெள்ளைப் பணியாரம் 10 ரூபாய், கந்தரப்பம் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் 400 ரூபாய். பயன்பாடு இரண்டின் எண்ணிக்கையையும் பெருக்கினால் வருவது. லாக்ராஞ்ச் முறையில், அதாவது கைப்பணக் கட்டுப்பாட்டை ஒரு பெருக்கியோடு சேர்த்து, வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் பணியாரம் 20, கந்தரப்பம் 10, பயன்பாடு 200. இதுவரை எல்லோரும் வந்துவிடுவார்கள். பெருக்கியின் மதிப்பு 1 என்று வருகிறதே, அதற்கு என்ன பொருள் என்றால் பேனா நின்றுவிடும். கையில் இன்னொரு ரூபாய் இருந்தால் பயன்பாடு ஏறத்தாழ 1 கூடும், அவ்வளவுதான். 401 ரூபாய்க்குப் போட்டுப் பாருங்கள்: 201-க்குச் சற்று மேலே வரும்.

அடுத்த இடறல் இதைவிட மோசம். பயன்பாடு பெருக்கலாக இல்லாமல் கூட்டலாக இருந்தால், அதாவது இரண்டும் ஒன்றுக்கொன்று முழுப் பதிலி என்றால், அதே முறை முரணான இரண்டு சமன்பாடுகளைத் தரும். கணக்கு தப்பு என்று அடித்துவிடுகிறார்கள். தப்பு இல்லை, விடை மூலையில் இருக்கிறது. மலிவானதையே முழுக்க வாங்க வேண்டும்: 40 பணியாரம், கந்தரப்பம் ஒன்றுகூட இல்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஆகவே பி.ஏ. முதல் வருஷத்திலேயே தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியவை: வகையிடல், பகுதி வகையிடல், அணிகள், நிகழ்தகவு. பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் பெரும்பகுதி இருக்கிறது. பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்கள் அதே புத்தகத்தை வாங்கி, தினம் அஞ்சு கணக்கு என்று ஒரு வருஷம் போட்டால் தேறிவிடலாம். பி.எஸ்சி. கணிதம் முடித்தவர்கள் எம்.ஏ. பொருளியலுக்கு வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர்களுக்கு வேறு நோய்: விடை எடுத்துவிடுவார்கள், அது எதைச் சொல்கிறது என்று எழுதமாட்டார்கள்.

வட்டிக் கணக்கில் மட்டும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாதி வேலை மிச்சம். ‘நூத்துக்கு ரெண்டு வட்டி’ என்றால் மாதத்துக்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். வருஷத்துக்கு 24%. மாதாமாதம் வட்டியை முதலோடு சேர்த்தால் 26.82%. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மாவின் இரங்கூனில் மாதந்தோறும் கூடி நிர்ணயித்த நடப்பு வட்டி தங்களுக்குள் கொடுத்து வாங்குவதற்கு அடிப்படை. வெளியாருக்கு அதற்கு மேல். பேரினப் பொருளியலில் வங்கிகளுக்கு இடையிலான வட்டி என்று படிப்பது இதன் சாயல்தான்.

1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தைப் படிக்கும்போதும் பர்மாவை வைத்துப் படியுங்கள். நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930-இல் 6%, 1938-இல் 25%. நிலம் சேர்ந்ததே என்று பார்க்கக் கூடாது. புரள வேண்டிய பணம் விற்க முடியாத நிலத்தில் முடங்கியது என்று பார்க்க வேண்டும்.

நுழைவுத் தேர்வு பற்றிச் சுருக்கமாக: ஐ.ஐ.டி.களின் முதுநிலைச் சேர்க்கைக்கான ஜாம் (JAM) தேர்வில் பொருளியல் தாள் 2021-இலிருந்து இருக்கிறது. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். ஒற்றை விடைக் கேள்வியில் தப்பாக விடை போட்டால் அதன் மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு போகும். எண்ணை நிரப்பும் கேள்விக்குக் கழிவு இல்லை, அதை விட்டுவிட்டு வருவது வீண். விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் வந்துவிடும். இறுதியாண்டு தேர்வு முடியட்டும் என்று இருந்தால் ஒரு வருஷம் போச்சு.

கடைசியில் ஆய்வேடு. அறுபது பேரிடம் வினாநிரல், சதவீதப் பட்டியல், கேரட் ரேங்கிங் (Garrett ranking; பதில்களைத் தரவரிசைப்படுத்தும் முறை), முடிவுரை: இந்த அச்சில் வார்த்த ஆய்வேடுகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் நெசவாளர் கூலி உயர்ந்ததா என்பது நல்ல கேள்வி. ஆனால் முன்னே இவ்வளவு, பின்னே இவ்வளவு என்று ஒப்பிட்டால் ஆய்வு செல்லாது. அடுத்த வருஷமே ஊரடங்கு வந்துவிட்டது. எந்த மாற்றம் எதனால் என்று பிரிக்க முடியாது. அந்தச் சமயத்தில் குறியீடு வாங்காத இன்னொரு நெசவு ஊரையும் எடுத்து, அங்கே ஏற்பட்ட மாற்றத்தை இங்கே ஏற்பட்டதிலிருந்து கழிக்க வேண்டும். ரெண்டு ஊரும் 2019-க்கு முன்னால் ஏறத்தாழ ஒரே போக்கில் போனவையா என்றும் காட்ட வேண்டும். பழைய கூலியை நெசவாளரிடம் கேட்டால் குத்துமதிப்பாகத்தான் சொல்வார். கூட்டுறவுச் சங்கத்தின் கூலிப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். தலைப்பை அப்புறம் பதிவு செய்யலாம்.