பேர் தெரியாதவருக்கு ஓர் அர்ச்சனை

கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் திருக்கடையூருக்கு வேன் பேசினார்கள், நான் மட்டும் நைசாக நழுவி திருவையாறு பஸ்ஸில் ஏறி கபிஸ்தலத்தில் இறங்கிவிட்டேன். திருக்கடையூர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் அங்கேதான் செய்தோம். மார்க்கண்டேயனுக்காக எமனையே எட்டி உதைத்த சாமி, கூட்டம் வரத்தான் செய்யும். ஆனால் எனக்கு வேண்டிய சாமி வேறு.

பெருமாள் கோயில் சாத்தியிருந்தது. சாயங்காலம்தான் திறப்பார்கள் என்றார் டீக்கடைக்காரர். சரி என்று காவிரிப் படித்துறையில் போய் உட்கார்ந்தேன். ஆடி மாசம், தண்ணீர் கலங்கலாக நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

அந்த நிறத்தைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். ஒன்பது வயதில் ஒரு பதினெட்டாம் பெருக்கன்று, அம்மா காதோலை கருகமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது பாசிப்படியில் வழுக்கி உள்ளே போனவன் நான். கரையில் ஊரே நின்றது. நன்றாக நீந்தத் தெரிந்த என் மாமா "யாராவது குதிங்கப்பா" என்று கத்தினாராம் (மாமா இதைப் படிக்க மாட்டார்). குதித்தது யாரோ ஒருவர். தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து கரையில் போட்டார், முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, "ஆழம் தெரியாம எதுக்குடா இறங்குனே" என்றார். அம்மா அழுது முடித்து, தேங்காய் பழத்தோடு அவரைத் தேடினபோது ஆள் இல்லை. பெருமாளே வந்தார் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். எனக்கு ஞாபகம் இருப்பது பீடி வாசனை.

ஐந்து மணிக்கு மேல்தான் கதவு திறந்தது. ஆழ்வார்கள் பாடிய 108 திவ்யதேசங்களில் ஒன்று என்றாலும் அன்று உள்ளே என்னையும் சேர்த்து நாலு பேர். கஜேந்திர வரதர், சயனக் கோலம். திருமழிசையாழ்வார் 'ஆற்றங்கரைக் கிடக்கும் கண்ணன்' என்று பாடியது இவரைத்தான். முதலை காலைக் கவ்வ, யானை ஆதிமூலமே என்று அலறியது, பெருமாள் ஓடிவந்து சக்கரத்தை விட்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதில் சக்கரம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஸ்ரீரங்கத்து வைணவ ஆசாரியர் பராசர பட்டர் ஒரு சுலோகத்தில் பெருமாள் கிளம்பிய அழகை மட்டும் சொல்கிறார்: அவருடைய சேனாபதியான சேனை முதலியார் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை, பாதுகை போடவில்லை, என்ன ஆச்சு என்று அந்தப்புரமே கலங்குகிறது, கருடனுக்குச் சேணம்கூடக் கட்டாமல் ஏறிவிட்டார். கடைசியில் பட்டர் கும்பிடுவது அந்த அவசரத்தை. 'த்வராயை நம:', பகவானுடைய பதற்றத்துக்கு நமஸ்காரம்.

இதைப் படித்த பிறகுதான் அந்த பீடிக்காரர் ஏன் என் மனசை விட்டுப் போகவே இல்லை என்று பிடிபட்டது. கரையில் பலசாலிகளுக்கா பஞ்சம்? அவர்கள் எல்லாரும் ஒரு கணம் யோசித்தார்கள், தப்பில்லை, அவரவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. அவருக்கும் இருந்திருக்கும். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் குதித்தார் என்று அம்மா சொல்லும்போதெல்லாம் முன்பு சிரிப்பேன்.

அப்புறம் இன்னொன்று, இந்தக் கதையில் முதலைக்கும் கதி கிடைக்கிறது, அது சாபம் வாங்கிய கந்தர்வன். திருக்கடையூரிலும் உதை வாங்கிய எமன் மறுபடி எழுந்துவிடுகிறான். காப்பாற்ற வந்தவருக்கு யாரையும் ஒழித்துக்கட்டுவதில் அக்கறை இல்லை போலிருக்கிறது.

அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். "பேர், நட்சத்திரம்?" என்றார் கோயில் அர்ச்சகர்.

"தெரியாது சுவாமி. என்னைத் தண்ணியிலேர்ந்து தூக்கினவர். இருக்காரா இல்லையான்னும் தெரியாது."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. "பெருமாள் பேருக்கே பண்ணிடறேன்" என்று துளசியைக் கையில் எடுத்தார்.