தவறாகப் போன பணம் யார் சம்பளத்தில்?

தவறான பேமென்ட்டால் வரும் நஷ்டம் சம்பந்தப்பட்ட ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்த பிறகு எங்கள் அக்கவுன்ட்ஸ் பிரிவில் மின்னஞ்சல்கள் பெருகின. அதுவரை ஒரு தலையசைப்பில் முடிந்த காரியத்துக்கெல்லாம் "தயவுசெய்து உறுதிப்படுத்தவும்" என்று ஒரு வரி, நாலு பேருக்கு நகல். தவறுகள் குறைந்தனவா என்றால், நான் பார்த்தவரை இல்லை. வெளியே தெரிய வருவதுதான் தாமதமானது. தப்பு செய்தவர் முதலில் யாரிடமும் சொல்லாமல் தானே சரிசெய்யப் பார்ப்பார். வாங்கியவரைத் தேடிப் பிடித்துப் போன் போடுவார், கெஞ்சுவார். முடியாத கட்டத்தில்தான் மேலதிகாரியிடம் வருவார்.

இந்த வேலையில் அந்தத் தாமதம்தான் பெரிய செலவு. பணம் எதிராளியின் கணக்கில் ஏறுவதற்குள் நம் வங்கிக்குத் தகவல் போனால் நிறுத்த வழியுண்டு. ஏறிவிட்டால் பெரும்பாலும் கணக்குக்காரர் சம்மதம் வேண்டும். அவர் எடுத்துச் செலவழித்துவிட்டால் வழக்கறிஞரைத் தேட வேண்டியதுதான்.

என் பக்கத்து இருக்கைக்காரருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வெண்டர், அதாவது எங்களுக்குச் சப்ளை செய்பவர், ஒரே பில்லைத் தபாலிலும் அனுப்பினார், மின்னஞ்சலிலும் அனுப்பினார். காகிதத்தில் பில் எண் 00457, மின்னஞ்சலில் வெறும் 457. ஒரே பில் இரண்டு முறை வந்தால் தடுக்கும் வசதி மென்பொருளில் இருந்தது. ஆனால் அது எழுத்துக்கு எழுத்துதான் ஒப்பிடும். முன்னால் இரண்டு பூஜ்யம் இருந்ததால் அதற்கு அது வேறு பில். இவர் இரண்டையும் பதிவு செய்தார், அப்ரூவல் கொடுப்பவர் இரண்டுக்கும் கொடுத்தார், வெவ்வேறு வாரங்களில் பணம் போனது. வெண்டரின் ஸ்டேட்மென்ட்டை நம் லெட்ஜரோடு ஒத்துப் பார்க்கும்போதுதான், அவர் கணக்கில் நம்முடைய பணம் அட்வான்ஸ் போல நிற்பது என் கண்ணில் பட்டது. தொகை இவருடைய ஒரு வருடச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

"என்ட்ரி போட்டது நீங்கதானே?"

"ஆமா சார்."

விசாரணை என்று நடந்தது அவ்வளவுதான். அப்ரூவல் கொடுத்தவர் பெயர் அந்த அறையில் எழவே இல்லை. மென்பொருளுக்கு அந்த விதியை எழுதிக் கொடுத்தவர்கள் யார் என்றும் யாரும் கேட்கவில்லை. மாதாமாதம் பிடித்தம் செய்யச் சம்மதிப்பதாக ஒரு கடிதம் அச்சடித்துத் தயாராக இருந்தது, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வெண்டர் நல்ல மனிதர். கிரெடிட் நோட் போட்டு, அடுத்து வந்த பில்களில் முழுத் தொகையையும் கழித்துக்கொடுத்தார். நிறுவனத்துக்கு ஒரு காசு நஷ்டமில்லை. பிடித்தம் மட்டும் தொடர்ந்தது. சம்பளப் பிரிவுக்கு யாரும் சொல்லவில்லை, இவருக்குக் கேட்கப் பயம். கடைசியில் வேறு ஒருவர் கேட்டு நிறுத்தினார்கள். பிடித்ததைத் திருப்பித் தர இன்னும் சில மாதம் ஆனது.

ஜெர்மனியில் 2012 ஏப்ரலில் நடந்த ஒரு சம்பவம் இந்த நேரத்தில் அடிக்கடி என் நினைவுக்கு வரும். ஒரு வங்கி ஊழியர் 62.40 யூரோ அனுப்ப வேண்டிய இடத்தில் விசைப்பலகை மேல் கண்ணயர்ந்துவிட்டார். விரல் 2 என்ற எண்ணில் அழுந்தி, தொகை 222,222,222.22 யூரோ ஆகிவிட்டது. சரிபார்க்க வேண்டிய பெண் ஊழியர் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். வேறொருவர் கண்டுபிடித்ததால் திருத்தினார்கள். வங்கி வேலையை விட்டு நீக்கியது அந்தப் பெண்ணைத்தான். வழக்கில் ஒரு கணக்கு வெளியே வந்தது: அன்று அவர் பார்த்த ஆவணங்கள் 812. அவற்றில் 603-ஐ ஒவ்வொன்றும் 1.4 விநாடிக்குள் பார்த்து முடித்திருந்தார். அவரைப் போலிச் சரிபார்ப்பு செய்தவர் என்றது வங்கி. 2013-ல் ஹெஸ்ஸன் மாநிலத் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம், எச்சரிக்கை கொடுத்திருந்தால் போதும், நீக்கியது செல்லாது என்றது.

எனக்கு அந்த 1.4 விநாடிதான் விஷயம். ஒருவர் முன் ஒரே நாளில் 812 தாள் வந்து குவிந்தால் அவர் எதைப் பார்ப்பார்? பதிவு செய்பவர் மேக்கர், சரிபார்ப்பவர் செக்கர் என்று இரண்டு பெயர் போட்டுவிட்டால் இரண்டு பேர் பார்த்ததாக ஆகிவிடாது. பதிவு செய்தவர் செக்கர் பார்த்துக்கொள்வார் என்று விடுகிறார், செக்கர் பதிவு செய்தவரை நம்பிக் கிளிக் செய்கிறார். மூன்று பேர் இருந்தாலும் இதே கதைதான். 2020 ஆகஸ்டில் சிட்டிபேங்க், ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு 80 லட்சம் டாலருக்கும் குறைவான வட்டியை அனுப்பப் போய், அசலும் சேர்த்து சுமார் 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. அசல் வெளியே போகாமலிருக்க மென்பொருளில் மூன்று இடங்களைக் குறிக்க வேண்டியிருந்தது. ஒன்றை மட்டும் குறித்திருந்தார்கள். மூன்று பேர் பார்த்து ஒப்புதல் தந்த பேமென்ட் அது. சுமார் 50 கோடி டாலரை வாங்கியவர்கள் திருப்பித் தர மறுத்தார்கள். 2021-ல் நீதிமன்றத்தில் வங்கி தோற்றது, 2022-ல் மேல்முறையீட்டில்தான் ஜெயித்தது. அந்தத் தொகையை எந்த ஊழியரின் சம்பளத்தில் பிடிப்பது? தொகை பெரிதானால் அமைப்பின் கோளாறு, சிறிதானால் குமாஸ்தாவின் அலட்சியம் என்ற நம் கணக்கு எனக்கு ஒருபோதும் புரிந்ததில்லை.

சட்டம் இதில் நம் மேலாளர்களைவிட நிதானமாகத்தான் இருக்கிறது. சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ அனுமதிக்கும் அளவுக்கு மேல் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு உடன்படிக்கை. இந்தியாவில் 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், கணக்குச் சொல்ல வேண்டிய பணம் ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாகப் போயிருந்தால் பிடிக்கலாம் என்றது. ஆனால் நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது, முதலில் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்றும் சொன்னது. 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே ஏற்பாடு உண்டு. ஜெர்மன் நீதிமன்றங்கள் இன்னும் ஒரு படி மேலே போய்த் தவறைத் தரம் பிரிக்கின்றன. சின்னக் கவனக்குறைவுக்கு ஊழியர் எதுவும் தர வேண்டாம், நடுத்தரமானால் இரு தரப்பும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், மோசமான அலட்சியத்துக்கும் வேண்டுமென்றே செய்ததற்கும்தான் பெரும்பாலும் முழுப் பொறுப்பு. வேலையை அமைப்பதும் அதில் லாபம் பார்ப்பதும் முதலாளி, அதனால் ஆபத்திலும் அவருக்குப் பங்குண்டு என்பது அவர்கள் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

மோசடியில் ஏமாந்தவர் கதை வேறு. ஸ்காட்லாந்தில் 2015-ல் ஒரு பெண் ஊழியர், நிர்வாக இயக்குநர் விடுமுறையில் இருந்த நேரத்தில் அவர் பெயரில் வந்த மின்னஞ்சல்களை நம்பிச் சுமார் 1,93,000 பவுண்டு அனுப்பிவிட்டார். வங்கி ஒரு பகுதியை ஈடுகட்டியது. மீதி சுமார் 1,08,000 பவுண்டுக்கு நிறுவனம் அவர் மீதே வழக்குப் போட்டது. இப்படிப்பட்ட மோசடி பற்றி அவருக்குப் பயிற்சியே தந்ததில்லை. 2019-ல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் ஜெயிப்பதற்குள் வேலை போய், சில வருடங்களும் போய்விட்டன. சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதில் எவ்வளவு ஆறுதல் கொள்ளலாம் என்பதற்கும் அந்த வழக்கே கணக்கு.

அதற்காக ஊழியர் எதற்குமே பொறுப்பில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தன் பாஸ்வேர்டைப் பக்கத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு அப்ரூவலையும் அவரையே போடச் சொல்லும் ஆட்களை எனக்குத் தெரியும். வெண்டரின் வங்கிக் கணக்கு மாறியதாக மின்னஞ்சல் வந்தால் பழைய எண்ணுக்குப் போன் செய்து கேட்க வேண்டும் என்று விதி இருந்தும், போன் செய்ததாகப் பொய்யாகக் குறிப்பு எழுதுபவர்களும் உண்டு. இவர்களிடம் கேட்கத்தான் வேண்டும். பூஜ்யத்தைக் கவனிக்காதவரையும் இவர்களையும் ஒரே சுற்றறிக்கையில் அடைப்பதுதான் எனக்குச் சம்மதமில்லை.

இப்போது யாராவது அந்தச் சம்மதக் கடிதத்தோடு என்னிடம் வந்தால், உடனே கையெழுத்துப் போட வேண்டாம், ஒரு நகல் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்பேன். அப்புறம், எவ்வளவு, எத்தனை மாதம் என்பதோடு, பணம் திரும்பி வந்தால் பிடித்தது என்னாகும் என்றும் அதில் ஒரு வரி எழுதச் சொல்வேன். அண்மையில் ஒருவர் அந்த வரியைக் கையால் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். மனிதவளப் பிரிவில் கடிதத்தை வாங்கிக்கொண்டு, சட்டப் பிரிவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை, பிடித்தமும் தொடங்கவில்லை.