ஸ்பிரேயர் டேங்கில் இரண்டு அடுக்கு

புரட்டாசியின் கடைசி ஞாயிறு. மக்காச்சோளத்துக்கு இருபத்திரண்டு நாள் வயது. குருத்தைப் பிரித்துப் பார்த்தால் மரத்தூளைத் தூவியது போல எச்சம். படைப்புழு இறங்கிவிட்டது. 2018இல் இந்தப் புழு நாட்டுக்குள் வந்ததிலிருந்து பெரம்பலூர் மாவட்டத்தில் சோளம் போடுகிற எவருக்கும் இந்த எச்சம் அத்துப்படி. இந்த வயதில் மருந்தைக் குருத்துக்குள் இறக்கிவிட வேண்டும். விட்டால் புழு உள்ளே போய்த் தன் எச்சத்தாலேயே கதவைச் சாத்திக்கொள்ளும்.

காலை ஆறு மணிக்கே எமாமெக்டினைக் கரைத்து வைத்துவிட்டு, மாட்டுக் கொட்டகைப் பரணிலிருந்து பவர் ஸ்பிரேயரை இறக்கினேன். போன கார்த்திகையில் ஏற்றி வைத்தது. டேங்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பெட்ரோல் இருந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக் கயிற்றை இழுத்தேன். சோக்கைப் போட்டு இழுத்தேன், எடுத்து இழுத்தேன், பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி இழுத்தேன். முப்பது வரை எண்ணினேன். நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார் என்பதால் எண்ணுவது பழக்கம். இரண்டு முறை தும்மியது. அவ்வளவுதான். கரைத்த மருந்து வீணாகக் கூடாதே என்று, கூலிக்கு மருந்து அடிக்கும் பையனைக் கெஞ்சிக் கூட்டிவந்து வேலையை முடித்தேன். மருந்து டேங்க் ஒன்றுக்கு 50 ரூபாய், இருபத்திரண்டு டேங்க்.

மறுநாள் மாலை பெரம்பலூரில் மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். அவர் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே, “பெட்ரோலோடு வைத்திருந்தீர்களா வாத்தியாரே?” என்று கேட்டார். ஆமாம் என்றதும் டேங்கில் இருந்ததை ஒரு பழைய கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மேலே ஆயில் கலந்த பெட்ரோலின் நிறம். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு நிறமற்ற, சற்றுக் கலங்கிய வேறொரு திரவம். நடுவில் கோடு கிழித்த மாதிரி எல்லை. பாட்டிலைச் சாய்த்தால் கோடும் சாய்ந்தது.

“உங்கள் டேங்கில் பெட்ரோலை உறிஞ்சும் குழாய் எங்கே கிடக்கிறது?” என்றார். அடியில்தான். நுனியில் ஒரு சிறு ஃபில்டர் எடைக்கல் மாதிரி தொங்கும். ஆக, இன்ஜின் குடிக்கப் பார்த்தது பெட்ரோலை அல்ல, அந்த அடிச் சரக்கை.

கார்ப்பரேட்டரைப் பிரித்தார். ரப்பர் டயாபிரம் வளைந்து கொடுக்க வேண்டியது. இது காய்ந்த வாழைச் சருகு போல விறைத்திருந்தது. ஊசி முனை நுழையும் அளவுள்ள பித்தளை ஜெட்டின் வாயில் பச்சைப் படிவு, அலுமினிய உடம்பில் வெள்ளைப் பொடி. பெட்ரோல் ஹோஸ் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. டயாபிரம் கிட், ஹோஸ், கூலி எல்லாம் சேர்த்து 690 ரூபாய். “ஓடவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். ஓடியிருந்தால்தான் உங்களுக்குச் செலவு அதிகம்” என்றார் பாய். அதன் பொருள் வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் முழுதாகப் புரிந்தது.

பெட்ரோலுக்கும் தண்ணீருக்கும் ஆகாது. இப்போது பெட்ரோல் பங்கில் ஊற்றுவதில் 20 சதவீதம் எத்தனால் என்னும் சாராயம் கலந்தது. எத்தனாலுக்கோ தண்ணீர் என்றால் உயிர். பெட்ரோலில் கலந்த எத்தனால் தண்ணீரையும் தன்னோடு சேர்த்துக் கரைத்து வைத்துக்கொள்ளும், ஓர் அளவு வரை. 10 சதவீதக் கலவை லிட்டருக்குச் சுமார் 5 மில்லி தாங்கும். 20 சதவீதக் கலவை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. அந்த அளவைத் தாண்டினால் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். ஸ்பிரேயர் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். பிஸ்டனுக்கு எண்ணெய் போவது பெட்ரோலில் கலந்துதான், வேறு வழி கிடையாது. 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும், கீழ் அடுக்கில் எண்ணெய்ப் பசையே இருக்காது. அந்த அடிச் சரக்கில் இன்ஜின் எப்படியாவது ஓடியிருந்தால் பிஸ்டன் வறண்டு இறுகிப் பிடித்திருக்கும். பாய் சொன்ன செலவு அதுதான்.

கண்ணால் பார்த்தும் நம்பிக்கை வராமல், பள்ளியிலிருந்து 100 மில்லி அளவுச் சாடி ஒன்றை இரவல் வாங்கிவந்தேன். வீட்டு முற்றத்தில், அடுப்பு விளக்கு எதுவும் அருகில் இல்லாமல், அன்றைக்குப் பிடித்த பெட்ரோல் 90 மில்லியும் தண்ணீர் 10 மில்லியும் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். ஐந்து நிமிடத்தில் கோடு விழுந்தது. ஊற்றிய தண்ணீர் 10. அடியில் நின்றதோ 27ஐ ஒட்டி. 90இல் 20 சதவீதம் 18, அதோடு 10 சேர்த்தால் 28 வர வேண்டும். கொஞ்சம் எத்தனால் மேலேயே தங்கிவிடும், தண்ணீரோடு கலக்கும்போது கன அளவும் சற்றுச் சுருங்கும். எனவே கணக்குச் சரி. சாடியைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவித் திருப்பிக் கொடுத்தும், அறிவியல் ஆசிரியை முகர்ந்து பார்த்துவிட்டு, “சார், இனிமேல் காம்பஸ், ஸ்கேல் மட்டும் கேளுங்கள்” என்று சொல்லிவிட்டார்.

பழியை முழுவதும் எத்தனால் மேல் போடவும் மனம் ஒப்பவில்லை. போன கார்த்திகையில் கடைசியாக மருந்து அடித்த பிறகு, குழாயடியில் வைத்து ஸ்பிரேயரை மாட்டைக் கழுவுவது போலக் கழுவியது நான்தான். பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாமல் பரணில் ஏற்றியதும் நான்தான். பழைய பெட்ரோலும் ஏழெட்டு மாதம் கிடந்தால் கெட்டுப் பிசினாகும். ஆனால் முன்பெல்லாம் உள்ளே போன தண்ணீர் பெட்ரோலுக்கு அடியில் தனியே ஒரு முத்தாகக் கிடக்கும், கவிழ்த்துக் கொட்டினால் தீர்ந்தது. இப்போது அது பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கைத் தன் கூட்டாளியாக இழுத்துக்கொள்கிறது.

ஆசிரியர் அறையில் இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் மைலேஜுக்குத் தாவிவிடுகிறார்கள். “என் வண்டி ஐம்பது கொடுத்தது, இப்போது நாற்பதுதான்” என்கிறார் ஒருவர். இன்னொருவர் பாதியாகிவிட்டது என்கிறார். என்னிடம் நோட்டு இருக்கிறது. 2012இல் வாங்கிய 100 சிசி பைக், கார்ப்பரேட்டர் வண்டி. ஒவ்வொரு முறையும் டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, வகுத்து எழுதி வருகிறேன். 2022–23இல் சராசரி லிட்டருக்கு 61. கடைசிப் பன்னிரண்டு முறை நிரப்பியதில் 58.6. ஏறக்குறைய 4 சதவீதம் குறைவு.

இதில் வியப்பில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பத்து சதவீதத்திலிருந்து இருபதுக்குப் போனால் லிட்டருக்கு மூன்றரை சதவீத ஆற்றல் குறையும். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையிலேயே பழைய இரு சக்கர வாகனங்களுக்கு 3 முதல் 4 சதவீதம், நான்கு சக்கர வாகனங்களுக்கு 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று எழுதியிருக்கிறார்கள். என் நோட்டும் அதையே சொல்கிறது. இந்த இடைவெளியில் செயின் தேய்ந்தது, பின் டயரில் காற்று குறைந்தது எல்லாம் அந்த 4 சதவீதத்துக்குள் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மாதம் 900 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். கூடுதலாக 600 மில்லி. அறுபது ரூபாய். வலிக்கிறது, ஆனால் பாதியாகிவிட்டது என்பது கதை.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. 2003இல் 5 சதவீதத்தில் தொடங்கிய எத்தனால் கலப்புத் திட்டம் 10ஐத் தொட 2022 ஜூன் ஆயிற்று. அதிலிருந்து 20க்கு மூன்றே ஆண்டு. 2030 என்று வைத்திருந்த இலக்கை 2025க்கு இழுத்துவிட்டார்கள். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளின் ரப்பரும் உலோகமும் இதற்கேற்ப மாறிவிட்டன. என் ஸ்பிரேயர் கையேட்டிலோ, எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. நான் எங்கே போவேன்? எங்கள் சாலையில் உள்ள எந்த பங்கிலும் இருப்பது இந்த ஒரே பெட்ரோல்தான். அமெரிக்காவில் 15 சதவீதக் கலவை விற்கும் குழாயில், படகுக்கும் புல்வெட்டி போன்ற கருவிகளுக்கும் இதை ஊற்றாதே, சட்டப்படி குற்றம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். இங்கே காரையும் பைக்கையும் பற்றி அறிக்கை மேல் அறிக்கை. ஸ்பிரேயர், களை வெட்டி, சிறு பம்பு செட் என்று ஆண்டில் பத்து மாதம் சும்மா கிடந்து இரண்டு மாதம் சோறு போடும் இயந்திரங்களைப் பற்றி ஒரு வரி என் கண்ணில் படவில்லை. ஆற்றல் குறைவதால் கலவை பெட்ரோல் மலிவாக இருக்க வேண்டும் என்று அதே 2021 அறிக்கை சொன்னது. பங்கில் விலைப் பலகை அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

இதில் நான் வாயைத் திறப்பதற்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்த எத்தனாலில் பெரும் பங்கு இப்போது மக்காச்சோளத்திலிருந்து வருகிறது. ஒரு டன் சோளத்துக்குச் சுமார் 380 லிட்டர். அப்படியென்றால் என் வயலின் ஒரு குவிண்டால் 38 லிட்டர் எத்தனால், அதாவது 190 லிட்டர் கலவை பெட்ரோல். பெரும்பாலும் கோழித் தீவனத்துக்கே போய்க்கொண்டிருந்த சோளத்துக்கு இன்னொரு வாடிக்கையாளர் கிடைத்தது நல்லதுதான். நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்கள் முகம் சுளிப்பதும் அதனால்தான். என் சோளமே சுற்றிவந்து என் ஸ்பிரேயர் டேங்கில் அடி அடுக்காக உட்கார்ந்ததோ என்னவோ!

“பேட்டரி ஸ்பிரேயர் வாங்குங்கள் என்று மூன்று வருடமாகச் சொல்கிறேன்” என்கிறாள் மனைவி. சொல்வது சரிதான். ஆனால் எங்கள் வீட்டு பேட்டரி டார்ச்சின் லட்சணத்தைப் பார்த்துவிட்டு, நான்கு ஏக்கரை அதை நம்பி விட எனக்குத் துணிவு வரவில்லை. இப்போதைக்கு அரை லிட்டர் மட்டும் வாங்குகிறேன். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே ஆயில் சேர்த்துக் கலக்குகிறேன். வேலை முடிந்ததும் டேங்கைக் கவிழ்த்துவிட்டு, கார்ப்பரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக அணையும் வரை ஓட விடுகிறேன். மூடியைத் திருகிய பிறகுதான் தண்ணீர்.

கவிழ்த்த பெட்ரோலை என்ன செய்வது என்ற கவலையும் இல்லை. பக்கத்து வீட்டுச் சித்தப்பாவிடம் பழைய இரண்டு ஸ்ட்ரோக் டிவிஎஸ் இருக்கிறது. ஆயில் கலந்த பெட்ரோல்தான் அதற்கு ஆகாரம். தினமும் ஓடுகிற வண்டி, எதுவும் அதன் வயிற்றில் தங்குவதில்லை. போன வாரம் இரண்டாம் மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். வரப்பில் வண்டியை நிறுத்தி, டேங்க் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“இன்னும் எத்தனை டேங்க் இருக்கிறது தம்பி?” என்றார்.

“இரண்டுதான் சித்தப்பா.”

“மெதுவாக அடி. மிச்சம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொள்.”