பீரோ நகரவில்லை, நான் நகர்ந்தேன்

படுக்கையறையில் பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்த இரும்புப் பீரோவை, அதே சுவரோரமாக மூன்று மீட்டர் நகர்த்தி மூலையில் நிறுத்த வேண்டும் என்று என் மனைவி முடிவெடுத்தாள். இதற்கெல்லாம் ஆள் தேவையில்லை, ஐந்து நிமிட வேலை என்று சொன்னது என் வாய்தான். உள்ளே இருக்கும் துணிமணிகளையாவது வெளியே எடுத்து வைத்துவிடலாமே என்று அவள் கேட்டதற்கு, எடுத்ததை மறுபடியும் அடுக்கப்போவது யார் என்று எதிர்க்கேள்வி கேட்டு அந்த நல்ல யோசனையையும் நானே கெடுத்தேன்.

பீரோவும் துணியுமாகச் சேர்த்து நூறு கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான் 65 கிலோ. குளிருக்காகக் காலுறை அணிந்திருந்தேன். தரையோ வழவழப்பான கல் பதித்தது. பீரோவின் பக்கவாட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, மூச்சை இழுத்துப் பிடித்துத் தள்ளினேன். ஏதோ ஒன்று நகர்வது தெளிவாகத் தெரிந்தது. மகிழ்ச்சியோடு கீழே பார்த்தால், நகர்ந்துகொண்டிருந்தவை என் கால்கள். கைகள் பீரோவை விட்டு அகலாமல் இருக்க, பாதங்கள் மட்டும் பின்னோக்கிச் சென்றுகொண்டே இருந்ததால், சுவரில் சாய்த்து வைத்த ஏணியைப் போல நான் சிறிது சிறிதாகச் சரிந்து, கடைசியில் முழங்காலில் வந்து நின்றேன்.

பதினோராம் வகுப்பில் இயற்பியல் படிக்கும் என் மகள், வாசற்படியில் நின்று இதை முழுவதும் பார்த்துவிட்டு, “அப்பா, நீங்கள் பீரோவை எவ்வளவு தள்ளுகிறீர்களோ, அவ்வளவு பீரோவும் உங்களைத் தள்ளுகிறது. யாருக்கு உராய்வு குறைவோ அவர்தான் நகர்வார்” என்றாள். பிறகு, நான் கேட்காமலேயே ஒரு தாளில் கணக்கும் போட்டுக் காட்டினாள். பீரோவின் கால்களுக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் குணகம், அதாவது அழுத்தும் எடையில் எத்தனை பங்கு உராய்வாகத் தடுக்கும் என்பதைக் காட்டும் எண், 0.5 என்று கொண்டால், அதை அசைக்க 50 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும். காலுறைக்குக் குணகம் 0.3 என்று கொண்டால், வழுக்காமல் நான் கொடுக்கக்கூடிய விசை இருபது கிலோ எடைக்குக்கூட வராது. அதாவது என் புஜபலம் இந்தக் கணக்கில் எங்குமே இடம்பெறவில்லை. அது எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் நிலவரம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்த என் மைத்துனர், நான்கு சிறிய கால்கள்தானே தரையைத் தொடுகின்றன, அவற்றில் என்ன பெரிய உராய்வு இருந்துவிடப்போகிறது என்று ஆறுதல் சொன்னார். தொடும் பரப்பு சிறிதா பெரிதா என்பது உராய்வுக்கு ஒரு பொருட்டே இல்லை, மேலிருந்து அழுத்தும் எடைதான் கணக்கு என்று பிரான்சு நாட்டு இயற்பியலாளர் அமோந்தோன் 1699-லேயே சொல்லிவிட்டார். அந்தச் செய்தி என் மைத்துனரை இன்னும் எட்டவில்லை.

காலுறையைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மறுபடியும் தள்ளினேன். இம்முறை பாதம் தரையை நன்றாகப் பற்றிக்கொண்டது. ஆனால் நான் நெஞ்சு உயரத்தில் தள்ளியதால், பீரோ நகர்வதற்குப் பதிலாக எனக்கு அருகிலிருந்த இரண்டு கால்களைத் தூக்கிக்கொண்டு அப்பால் சாய்ந்தது. தரையோ அடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நானோ மேலே தள்ளுகிறேன். தொண்ணூறு சென்டிமீட்டர் அகலமே உள்ள ஒரு பொருள் வேறு என்ன செய்யும்? மனைவி அலறினாள். நான் உடனே பிடியைத் தளர்த்த, பீரோ மீண்டும் நான்கு காலில் நின்றது. அந்த அலறலுக்குப் பிறகு ஒரு நிமிடம் நிலவிய அமைதியில்தான், இப்படிச் சாய்த்துக்கொண்டு கால்களுக்கு அடியில் பழைய போர்வை ஒன்றைச் செருகினால் என்ன என்ற எண்ணம் வந்தது. வந்தது எனக்கா அவளுக்கா என்பதில் எங்களுக்குள் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

போர்வையை விரித்த பிறகு, அறிவு வந்தவனாக இடுப்புக்குக் கீழே கைவைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் சாய்த்துத் தள்ளினேன். சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. நின்றுகொண்டிருக்கும் பொருளைக் கிளப்புவதற்குத் தேவைப்படும் விசையைவிட, கிளம்பிவிட்ட பொருளை ஓடவைக்கத் தேவைப்படும் விசை குறைவு என்பதால், நிலை உராய்வு விட்டுக்கொடுத்த அந்தக் கணத்தில் என்னுடைய மிச்ச விசை அனைத்தும் வேகமாக மாறியது. பீரோ வழுக்கிக்கொண்டு போனது. சாய்ந்து நிற்க ஆதாரம் இல்லாமல் போனதால் நான் குப்புற விழுந்தேன்.

பீரோவின் மேல் ஓர் அட்டைப்பெட்டி இருந்ததை யாருமே நினைத்துப் பார்க்கவில்லை. கீழே இருந்த பீரோ போய்விட்டது. பெட்டி நிலைமத்தால் தன் பழைய இடத்திலேயே தங்கப் பார்த்தது. அங்கே இப்போது வெறும் காற்றுதான் இருந்தது. 180 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளுக்குத் தரையைத் தொட 0.6 வினாடி போதும், தொடும்போது அதன் வேகம் மணிக்கு 21 கிலோமீட்டர். பெட்டியிலிருந்த இரும்புப் பூட்டு என் காதுக்கு நான்கு விரல் தள்ளி விழுந்து தரைக்கல்லைப் பெயர்த்தது. அதே பெட்டியிலிருந்து புறப்பட்ட ஒரு பழைய ரசீது மட்டும், காற்றில் இடமும் வலமுமாக ஆடி, எல்லாம் ஓய்ந்த பிறகு என் முதுகில் வந்து அமர்ந்தது. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் ஒரு சுத்தியலையும் இறகையும் ஒன்றாகக் கைவிட, காற்றில்லாத அந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகவே தரை தொட்டன. எங்கள் படுக்கையறையில் காற்றுக்குக் குறைவில்லை.

பெட்டியிலிருந்து சிதறிய கோலிக்குண்டு ஒன்று, சற்று நின்று யோசித்துவிட்டு, மூலைப்பக்கத்திலிருந்து அறையின் நடுவை நோக்கி நிதானமாக உருண்டு போனது. தரை சமமாக இல்லை என்பதை இத்தனை ஆண்டுகளில் நாங்கள் அறிந்ததில்லை. உருளும் பொருளுக்கு உராய்வு மிகமிகக் குறைவு என்பதால், மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு இருந்தால்கூட அது கண்டுபிடித்துவிடும். நான் எழுந்திருப்பதில் கவனமாக இருந்ததால், அது சொல்லவந்த செய்தியைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மூலையில் பீரோவை நிறுத்தி, போர்வையை உருவி எடுத்து, கதவைச் சாத்தினோம். கதவு மெல்லத் திறந்துகொண்டது. மறுபடியும் சாத்தினோம், முனகிக்கொண்டே மறுபடியும் திறந்தது. பீரோ முன்பக்கம் சாய்ந்து நின்றதால், திறந்த நிலைதான் கதவின் பாரத்துக்குத் தாழ்வான இடமாகிவிட்டது. ஈர்ப்பு விசை அதை அங்கே அழைத்துப் போய்க்கொண்டிருந்தது. மகள் கொண்டுவந்த அட்டைத் துண்டுகளை மடித்து முன்கால்கள் இரண்டுக்கும் அடியில் வைத்தேன். கதவு சாத்திய இடத்திலேயே நின்றது.

இத்துடன் நான் சும்மா இருந்திருக்கலாம். சரிவு தீர்ந்ததா என்று சோதிக்கும் ஆசையில், அந்தக் கோலிக்குண்டைத் தேடி எடுத்துப் பீரோவின் உச்சியில் வைத்தேன். அட்டையை ஒரு மடிப்பு கூடுதலாக வைத்துவிட்டேன் போலிருக்கிறது. குண்டு இம்முறை யோசிக்கவே இல்லை; நேராகப் பின்பக்கம் உருண்டு, பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் விழுந்து, எங்கோ ஓரிடத்தில் சிக்கி நின்ற சத்தம் கேட்டது. அதை எடுக்க வேண்டுமானால் பீரோவை நகர்த்தியாக வேண்டும். மகள் மீண்டும் தாளைக் கையில் எடுத்தாள். மனைவி ஒன்றும் பேசாமல், மடித்து வைத்திருந்த போர்வையைக் கொண்டுபோய்த் துணிக்கூடையில் போட்டாள்.