மார்த்தாண்டத்து முற்றம், சென்னை டிவியில்

அப்பா அம்மா மட்டும் மார்த்தாண்டத்தில், பிள்ளைகள் சென்னையில். வீட்டு முற்றத்தைப் பெரிய திரையில் பார்க்க, கேமராவில் ஆர்டிஎஸ்பி (நெட்வொர்க் வழியே நேரடிப் படம் அனுப்பும் முறை) வசதி வேண்டும்.

வெளியிலிருந்து கேமராவை எட்ட, பலர் ரவுட்டரில் ஆர்டிஎஸ்பிக்கான வாசலான 554-ஆம் போர்ட்டைத் திறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், கடவுச்சொல் எளிதாக இருந்தால் யார் வேண்டுமானாலும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கலாம். தனிப் பொது ஐபி (இணையத்தில் வீட்டுக்கென ஒரு முகவரி) தராத இணைப்பில் அது வேலையும் செய்யாது.

ஊர் வீட்டில் எப்போதும் இயங்கும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் டெயில்ஸ்கேல் (இரு வீட்டையும் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் செயலி) நிறுவி, மற்ற கருவிகளின் தரவைக் கடத்திவிடும் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கி, வீட்டு நெட்வொர்க்கை சப்நெட் ரூட்டாக (டெயில்ஸ்கேல் வழியே எட்டும் பாதையாக) அறிவியுங்கள். பிறகு டெயில்ஸ்கேலின் அட்மின் பக்கத்தில் அதை அனுமதிக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். இரண்டு வீட்டிலும் 192.168.1 ஐபி வரிசை இருந்தால் மோதும், ஊர் ரவுட்டரில் 192.168.50 ஆக்குங்கள்.

சென்னை ஆண்ட்ராய்டு டிவியில் அதே கணக்கில் டெயில்ஸ்கேல், கூடவே விஎல்சி வீடியோ பிளேயர். அதில் கேமராவின் ஆர்டிஎஸ்பி முகவரியைக் கொடுங்கள். படம் திக்கினால் கேமராவின் குறைந்த தரப் படமான சப்-ஸ்ட்ரீம், 512 கேபிபிஎஸ் போதும். ஒலி மட்டும் வந்தால் கேமராவின் வீடியோ வடிவத்தை எச்.265-இலிருந்து எச்.264 ஆக்கிப் பாருங்கள்.

கரண்ட் போய் வந்ததும் கேமராவின் ஐபி மாறலாம். ரவுட்டரில் அதை நிலையாக ஒதுக்குங்கள். ஐப்பசி இடிமழைக்கு முன் ரவுட்டருக்கும் ராஸ்பெர்ரி பைக்கும் கேமராவுக்கும் யுபிஎஸ் வைத்துவிடுங்கள்.