ஏழரைக் கிலோ காத்து

கிண்ணியாப் பாலத்தில் ஏறி நடுவுக்கு வந்தபோது பசர் அலறத் தொடங்கியது. டாஷ்போர்டில் சிவப்பு லைட்டும் சேர்ந்து எரிந்தது. காத்து அழுத்தத்தில் பிடிக்கும் எயார் பிரேக் வாகனம் ஓட்டியவர்களுக்கு, காத்துக் குறைந்தால் வரும் அந்தச் சத்தம் தெரியும். வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழும். கேஜைப் பார்த்தேன். இரண்டு முள்ளும் ஏழரைக் கிலோவில் அசையாமல் நிற்கின்றன. காத்து நிறைய இருக்கிறது என்கிறது கேஜ், இல்லை என்று கத்துகிறது பசர்.

"ஏழரை எண்டாச் சனியன் எல்லோ, அதுதான் கத்துது" என்று பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. மூதூரில் கலியாண வீட்டுச் சாப்பாட்டை முடித்துவிட்டு கட்டிலில் சரிந்திருந்தவ.

கட்டில் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். பஸ் மாமா லைனில் ஓட்டிய பழைய லேலண்ட். பெர்மிட்டை விற்ற பிறகு திருகோணமலை உப்புவெளி வளவுக்குள் வேப்பமரத்தடியில் கிடந்தது. நானும் தம்பியும் பாதிச் சீட்டைக் கழற்றி, நாலு கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி வைத்து அதை வீட்டு பஸ் ஆக்கினோம். ஆடியில் கதிர்காமக் கொடியேற்றத்துக்குக் குடும்பத்தோடு போவதுதான் திட்டம். வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று கரையோரமாக இறங்கி, புத்தளையால் காட்டுக்குள் ஏறும் பாதை. மூதூர்க் கலியாணம் ஒரு வெள்ளோட்டம் மாதிரி.

பாலத்தில் நிறுத்த முடியாது. வேகத்தைக் குறைத்து, மிதியை மெதுவாக அமத்திப் பார்த்தேன், பிரேக் பிடித்தது. மறுகரை வரைக்கும் ஊர்ந்து போய் ஓரங்கட்டினேன். 2009இல் இந்தப் பாலம் திறக்கும் வரை இதில் பாதைதான் (வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை) ஓடியது. பாதைக்குள் இறங்கும் நேரம் இப்படிக் கத்தியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பசர் தானாக நின்றுவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில், வெள்ளைமணலைத் தாண்டியதும் மறுபடி. அடுத்த நாள் டவுனில் வயரிங் வேலை செய்யும் ஒரு பாஸிடம் (மேஸ்திரி) காட்டினேன். முள் ஏழரையில் நிற்பதைப் பார்த்தார், டாஷ்போர்டைத் தட்டினார், பிறகு வயர் வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தார். "காத்து இருக்குத்தானே தம்பி. பசர் வயரைக் கழட்டி விடுவம், கரைச்சல் இல்லை." உண்மையைச் சொன்னால் நானும் தலையாட்டத்தான் போனேன். பயணத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது. பெரியம்மாதான் விடவில்லை. "நாய் குரைச்சா வாசலை எட்டிப் பாக்கிறதோ, நாயின்ர வாயைக் கட்டுறதோ?"

அதனால் மறுபடி கிண்ணியா. முந்தி பஸ் டிப்போவில் வேலை செய்த நானா (அண்ணன்) ஒருவர் வீட்டோடு சின்னக் கராஜ் வைத்திருக்கிறார். வந்ததும் வராததுமாக நாலு சில்லுக்கும் முட்டுக்கட்டை வைக்கச் சொன்னார். "காத்தைத் திறந்து விடப் போறம். வண்டி உருண்டா எனக்கு மேலதான் உருளும்."

முதலில் அவர் கேஜை நம்பவில்லை. தன்னுடைய கேஜ் ஒன்றைக் காத்துத் தாங்கியில் பூட்டிப் பார்த்தார். அதிலும் ஏழரை. பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு சவர்க்காரத் தண்ணியை ஒவ்வொரு மூட்டிலும் தடவினார். முதல் தாங்கியின் அடி வால்வில் மட்டும் குமிழ் வந்தது. அதைத் திறந்தபோது ஒரு சிரட்டை அளவுக்குத் தேத்தண்ணி நிறத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் ஊற்றியது. கடற்கரை ஊரில் கொம்பிரசர் இழுக்கும் காத்தோடு ஈரமும் சேர்ந்துதான் வரும். வடிக்காமல் விட்டால் தாங்கிக்குள் கறள் பிடிக்கும், வால்வுகள் இறுகும். அது எனக்கு ஒரு ஏச்சு, ஆனால் பசருக்கு அது காரணமில்லை.

அடுத்து, பசரைக் கத்த வைக்கும் சுவிட்ச். முன் பிரேக்கின் காத்துச் சுற்றுக்கு ஒன்று, பின் பிரேக்கின் சுற்றுக்கு ஒன்று. காத்து ஏறி நிற்கும்போது சுவிட்ச் திறந்திருக்கும். நாலு கிலோவை ஒட்டி இறங்கியதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை மூடிவிடும், வயர் பொடியோடு (பஸ்ஸின் இரும்பு உடலோடு) சேர்ந்து ஏர்த் ஆகும், பசர் கத்தும். இன்னும் இறங்கினால் பின் சில்லில் உள்ள பெரிய ஸ்பிரிங் தானாகவே பிரேக்கைப் பிடித்துவிடும். காத்து போனால் பஸ் பிரேக் இல்லாமல் ஓடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பார்க்கிங் பிரேக்கைப் பிடித்திருப்பதே ஸ்பிரிங்தான், காத்து அதைத் தளர்த்துவதற்கு. ஓடும்போது அது திடீரென்று பூட்டிக்கொள்ளாமல் ஒரு ஓரத்தில் நிறுத்தத்தான் பசர் முன்கூட்டிக் கத்துகிறது.

நானா இரண்டு சுவிட்சின் வயரையும் கழற்றித் தொங்கவிட்டார். "இப்ப திறப்பைப் போடுங்க. இனிக் கத்தினா அது காத்துப் பிரச்சினை இல்ல. வயர் எங்கயோ பொடியில முட்டுது."

திறப்பைப் போட்டேன். சத்தமே இல்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தோம். அதற்குள் பெரியம்மாவுக்கு இடுப்பு நொந்தது. "நான் கொஞ்சம் சரியிறன்" என்று வழக்கமான கட்டிலில் படுத்தா. பசர் அலறியது. திடுக்கிட்டு எழும்பினா, சத்தம் நின்றது.

நானா பஸ்ஸுக்குக் கீழே இருந்து தலையை மட்டும் நீட்டினார். "அம்மா, இன்னொருக்காப் படுங்க."

படுத்தா. கத்தியது.

"எழும்புங்க."

நின்றது. கராஜில் நின்ற பெடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூதூருக்குப் போகும்போது பெரியம்மா முன் சீட்டில் இருந்தவ, வரும்போதுதான் கட்டிலுக்குப் போனவ என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கட்டிலைக் கழற்றினோம். அதைத் தரையோடு பூட்ட நான் அடித்த ஒன்றரை அங்குல ஸ்க்ரூ ஆணி ஒன்று பலகையைத் தாண்டி, கீழே ஓடும் வயர்க் கட்டுக்குள் போயிருந்தது. ஆணியின் கூர் தொட்ட இடத்தில் வயரின் தோல் உரிந்து, செம்பு உப்புக்காத்துப் பட்டுப் பச்சை பிடித்து, பக்கத்தில் ஒரு கருகல் புள்ளி. ஆள் படுத்தால் பலகை வளைகிறது, ஆணி வயரில் முட்டுகிறது. ஆணி இரும்புக் கட்டிலோடு, கட்டில் பொடியோடு. நானா ஆணியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து, "யார் அடிச்சது?" என்றார். தம்பி என்னைப் பார்த்தான்.

வெட்டி, புது வயர் சேர்த்து, ஸ்லீவ் போட்டு, கட்டு முழுவதையும் பிவிசி குழாய்க்குள் விட்டு சேசிஸின் மறுபக்கத்துக்கு மாற்றினார். மற்ற மூன்று கட்டிலின் ஆணிகளையும் அன்றே குட்டையாக்கினோம்.

எனக்கு வேலை முடிந்துவிட்டது. நானாவுக்கு முடியவில்லை. சுவிட்ச் வயர்களை மாட்டி, எஞ்சினை நிறுத்தி, திறப்பை மட்டும் போட வைத்தார். முன் தாங்கியைத் திறந்தார். ஆறு, ஐந்து, நாலை நெருங்கும்போது பசர். சரி. எஞ்சினை ஓட்டிக் காத்தை நிரப்பி, இப்போது பின் தாங்கியை. பின் முள் ஐந்து, நாலு, மூன்று. சத்தம் இல்லை. இரண்டுக்கும் கீழே போனது. சத்தமே இல்லை.

பின் சுவிட்சைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். உள்ளுக்குள் கறள் பிடித்துச் செத்திருந்தது. எவ்வளவு காலமாக என்று யாருக்குத் தெரியும். கத்தத் தேவையில்லாத இடத்தில் கத்திய வயரைத்தான் நாங்கள் இவ்வளவு நாளும் திட்டினோம். கத்தவேண்டிய சுவிட்ச் வாயே திறக்காமல் பக்கத்தில் கிடந்திருக்கிறது. அந்த வயரிங் பாஸின் குறட்டுக்குத் தலையாட்டியிருந்தால் முன் சுற்றின் எச்சரிக்கையும் போயிருக்கும், புத்தளைக் காட்டுக்குள் இரண்டு சுற்றும் ஊமையாகத்தான் ஓடியிருக்கும்.

அதே மரையில் சுவிட்ச் எடுக்க இரண்டு நாள் அலைந்தேன். பூட்டியதும் நானா திரும்பவும் பின் தாங்கியை இறக்கினார். நாலுக்குக் கொஞ்சம் மேலே பசர் கத்தியபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சத்தம் கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டோம். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். முள் ஏழரை, சத்தம் இல்லை. பெரியம்மாவைப் படுக்கச் சொன்னோம். "எனக்கு நித்திரை வரேல்ல" என்றா. வெருகல் தாண்டும் வரைக்கும் முன் சீட்டிலேயே, கேஜைப் பார்த்தபடி இருந்தா.