வரைபடத்தில் இல்லாத ஒன்பது பனைகள்

5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கம் தாண்டி வரப்போகும் அடுக்குமாடித் திட்டத்தின் லேண்ட்ஸ்கேப் டிராயிங், அதாவது எங்கே என்ன மரம், செடி நடுவது என்ற வரைபடம், நான் சரிபார்க்க வந்துவிட்டது. ஆறு ஷீட். "சும்மா ஒரு தடவை பாத்துட்டு ஓகே சொல்லிடுங்க மேடம்" என்றான் கொண்டுவந்த பையன். சும்மா பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பது அவனுக்குத் தெரியாது, புதுசு.

முதல் வேலை எண்ணுவது. ஐந்து ஏக்கர், சுமார் 20,230 சதுர மீட்டர். சுற்றுச்சூழல் அனுமதியில் 80 சதுர மீட்டருக்கு ஒரு மரம் என்று நிபந்தனை. கணக்குப்படி 253. பட்டியலில் 255. இவ்வளவு கச்சிதமாக இருந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். பிரித்துப் பார்த்தேன். அழகுக்கு வைக்கிற ராயல் பாம் 60, ஃபாக்ஸ்டெயில் பாம் 38, காம்பவுண்டு ஓரம் முழுக்க கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் 64. வேம்பு, புங்கம், மகிழம், தபேபுயா, பெருங்கள்ளி எல்லாம் சேர்த்து மீதி 93தான்.

கோனோகார்பஸை குஜராத் 2023-லேயே தடை செய்தது. இந்த வருஷம் தமிழ்நாட்டிலும் தடை வந்தாயிற்று. பழைய வேலையின் பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மூன்றாவது ஷீட்டின் மூலையில் வேறொரு திட்டத்தின் பெயர் இன்னும் அழியாமல் கிடக்கிறது.

6 ஆகஸ்ட், புதன்

பேஸ்மென்ட் ஷீட்டையும் பிளம்பிங் ஷீட்டையும் அடியில் வைத்துப் பார்த்தேன். காலை போனதே தெரியவில்லை.

தபேபுயா 35-ம் நடு முற்றத்தில். முற்றத்துக்குக் கீழே கார் பார்க்கிங். பார்க்கிங்கின் கூரை ஸ்லாபின் மேல் காட்டியிருக்கும் மண் 45 சென்டிமீட்டர். அதில் புல் வரும், இட்லிப்பூ வரும். மரத்துக்கு நாலடியாவது வேண்டும். நாலடி மண் மழையில் ஊறினால் சதுர மீட்டருக்கு இரண்டு டன்னைத் தாண்டும். அந்த எடைக்கு ஸ்லாபைக் கணக்குப் போட்டார்களா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கேட்டு எழுதியிருக்கிறேன். போடவில்லை என்றால் தூண்களுக்கு நேர் மேலே மட்டும் தொட்டி கட்டி, மரத்தைப் பன்னிரண்டாகக் குறைப்பதுதான் வழி.

வேம்பில் ஐந்து, கழிவுநீர்க் குழாயின் தலைமேல். ஒன்று சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, அதன் மூடிமேலேயே நிற்கிறது! தண்ணீர் லாரிக்காரன் ஏறி இறங்கவா?

குழந்தைகள் விளையாடும் இடத்தைச் சுற்றி வேலியாகத் தங்க அரளி. இதற்கு மட்டும் சிவப்புப் பேனா எடுத்தேன். அரளிக் கொட்டை என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் டிராயிங்கில் வந்துவிடுகிறது. செம்பருத்தியும் நந்தியாவட்டையும் போடச் சொல்லியிருக்கிறேன்.

8 ஆகஸ்ட், வெள்ளி

சைட். கடப்பாரை போட்டுப் பார்த்ததில் ஒன்றரை அடி மணல், அதற்குக் கீழே சாம்பல் நிறக் களிமண். ஐந்தடியில் தண்ணீர் ஊறிவிட்டது. உப்பளம் பக்கத்து மண், ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. இதில் புன்னையும் பூவரசும் புங்கமும் நிற்கும். தபேபுயாவை நான் நம்ப மாட்டேன்.

வடகிழக்கு மூலைக்குப் போனபோதுதான் பார்த்தேன். ஒன்பது பனை. சர்வே டிராயிங்கில் அந்த இடம் வெறும் வெள்ளை. அடியில் பழம் விழுந்து பிளந்து கிடந்தது. மஞ்சள் நார், அதில் எறும்பு, அந்த வாசனை. ஒரு பழத்தைத் தூக்கிப் பார்த்தேன், கை முழுக்கப் பிசுபிசுப்பு. வாட்ச்மேன் பெரியவர் சிரித்தார். "சுட்டுத் தின்னா நல்லா இருக்கும்மா. வேணுமா?" வாங்கிக்கொண்டேன்.

"இதெல்லாம் எடுத்துருவாங்க மேடம், ரேம்ப் வருது" என்றான் சைட் இன்ஜினீயர் தம்பி. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள் என்றேன். ஃபோனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனான்.

60 ராயல் பாமை விலை கொடுத்து வாங்க இருக்கிறார்கள்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

நர்சரி. ஆந்திராவில் நர்சரிகளுக்குப் பேர்போன கடியத்திலிருந்து லாரியில் வந்த சரக்கு. பன்னிரண்டடி உயர மகிழம், பார்க்க அழகு. ஒரு பையைக் கிழிக்கச் சொன்னேன், முகம் சுளித்துக்கொண்டே கிழித்தார்கள். இடியாப்பச் சிக்கல் என்று சொல்வோமே, அதேதான். பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்த வேர், பெருவிரல் தடிமனில் ஒன்று தண்டையே நெரித்திருந்தது. இப்படி நட்டால் ஏழெட்டு வருஷம் நன்றாக நிற்கும். பிறகு வர்தா மாதிரி ஒரு புயல் வந்தால் போதும். 2016 டிசம்பரில் எங்கள் தெருவில் விழுந்த பெருங்கொன்றையின் அடியில் வேர்த்தட்டு ஒரு சாப்பாட்டு மேஜை அளவுகூட இல்லை.

ஆறடிக் கன்று போதும் என்று எழுதிவிட்டேன்.

14 ஆகஸ்ட், வியாழன்

கூட்டம், மூன்று மணி நேரம். விற்பனைப் பிரிவுக்காரருக்கு வாசலில் ராயல் பாம் இல்லாமல் முடியாதாம், புரோஷரில் படம் போட்டாயிற்றாம். 12 மட்டும் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். ஆனால் மரக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

"நீலப் பூ பூக்கிற புதர் ஏதாவது வேணும்" என்றார்கள். காயா சொன்னேன். "மெதுவா வளருமே மேடம்?" ஆமாம், மெதுவாகத்தான். ஆனால் இந்தக் கடற்கரைக் காட்டுச் செடி, ஆரோவில் பக்கத்து நாற்றங்கால்களில் கிடைக்கும். காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைப் பாடுகிறார்களே, அந்தப் பூ என்றதும் விற்பனைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து குறித்துக்கொண்டார்.

பனை விஷயம் கடைசியில் வந்தது. "கார் மேல பழம் விழுந்தா யார் பதில் சொல்றது?" கேள்வி நியாயம்தான், எனக்கும் உடனே பதில் வரவில்லை. நான்கு பார்க்கிங்கை இடம் மாற்றி, ரேம்பையும் கொஞ்சம் தள்ளினால் ஏழு பனை தப்பும். மீதி இரண்டுக்கும் அனுமதி கேட்டு எழுதட்டும்.

22 ஆகஸ்ட், வெள்ளி

திருத்திய டிராயிங். கோனோகார்பஸ் போய்ப் புன்னையும் பூவரசும் வந்திருக்கின்றன. அரளி இல்லை. சம்ப் மூடிமேல் நின்ற வேம்பு மூன்று மீட்டர் நகர்ந்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் குழி தோண்ட நேரம் இருக்கிறது.

வடகிழக்கு மூலையில் ஏழு வட்டம். பனைக்கென்று அவர்கள் கம்ப்யூட்டரில் குறி இல்லையாம். ராயல் பாம் குறியையே போட்டு, பக்கத்தில் 'ஏற்கெனவே உள்ளது' என்று எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.